ஒட்டகத்தின் கழுத்து உடையும் வரை

தெஸ்ஃபூல்
தெய் மாதம் 20

மஹினின் அப்பாவுக்கு,

பேரன் பிறந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டிக்கடைக்காரன் கதவைத் தூக்குகிற நேரம். மஹினும் பிள்ளையும் சுகம். காது மட்டும் உங்கள் காது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள்.

முதலில் வீட்டு விஷயம். காய்ந்த தயிர் உருண்டைகள் பச்சை ஜாடியில், மேல் மாடத்தில் இருக்கின்றன. உப்புக்கறி கொழுப்போடு மண்பானையில் இருக்கிறது. கரண்டியால் எடுங்கள், கையை விடாதீர்கள். கூரைப் பனியைத் தள்ளும்போது மேற்கு மூலையில் கால் வைக்க வேண்டாம். அங்கே உத்திரம் வலுவாக இல்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

இனி மற்றது. கொடிகளைப் புதைத்த அன்று நான் பேசியதைப் பக்கத்துத் தோட்டத்து சஃபர் அண்ணன் முன்னால் பேசியிருக்கக் கூடாது. அதற்கு வருத்தப்படுகிறேன். பேசியதற்கு வருத்தமில்லை. நூற்று அறுபது திராட்சைக் கொடிகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் படுக்க வைத்து, மண் போர்த்தி, மேலே இரண்டு தட்டு தட்டினீர்கள். பிள்ளையைத் தூங்க வைப்பவர் போல. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. "இத்தனை கொடிக்கும் குளிரும்னு தெரியுது. கூட இருக்கிறவளுக்குக் குளிரும்னு தெரியல" என்றேன்.

போன வருஷம் குளிர்காய உட்காரும் குர்ஸிப் பலகைக்கு அடியில், மேலே பஞ்சுப் போர்வையைப் போட்டு மூடி, சரியாகப் பிடிக்காத கரியை வைத்தீர்கள். புகையில் நான் மயங்கிப்போனேன். முற்றத்துப் பனியில் இழுத்துப் போட்டு முகத்தைத் தேய்த்து எழுப்பினீர்கள். அது நல்ல காரியம். மறுநாளே "டீச்சரம்மா பாதிப் பாடத்துல தூங்கிட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். அதை நான் கேட்கவில்லை என்று நினைத்தீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பையனை அரை மணி ஒற்றைக்காலில் நில் என்றால் நின்றுவிடுவான். எப்போது காலை இறக்கலாம் என்று சொல்லாமல் நிற்க வைத்தால் ஐந்தாவது நிமிஷம் அழுதுவிடுவான். நம் ஊர்க் குளிர்காலம் எனக்கு இரண்டாவது மாதிரி. முப்பத்தொரு வருஷம் நின்றுவிட்டேன். அதனால் இந்தத் தடவை நானே ஒரு நாள் குறித்துக்கொண்டேன். கொடிகளைத் திறக்கிற அன்று வருகிறேன். வரிசையின் முதலில் நிற்கும் தலைக்கொடியைத் திறப்பது எப்போதும் என் வேலை, இந்த வருஷமும் அப்படியே. அதற்கு முன்னால் கூப்பிட வேண்டாம்.

வசந்தம் பிறக்கும் நவ்ரோஸுக்கு எழுபது நாள் இருக்கிறது. கால்மேஜோடு போட்டுக்கொண்டு படுங்கள்.

தூபா


சர்ச்செஷ்மே
பஹ்மன் 12

தூபா,

உன் கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது. தபால்காரன் கழுதையை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தான். மூக்கு சிவந்திருந்தது. தேநீர் கொடுத்தேன், நாலு குவளை குடித்தான். நான் எப்படி இருக்கிறேன் என்று அவனும் கேட்கவில்லை.

பேரனுக்கு என் காது என்றால் குல்லாயைப் பெரிதாகத் தைக்கச் சொல்.

பனி மூன்றாம் தடவையும் ஜன்னலை மூடிவிட்டது. மேற்கு மூலையில் கால் வைக்கவில்லை. கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். நீ போன பிறகு இந்த வீட்டில் பேசுவது அவைதான். காலையில் எழுந்தால் வெள்ளை. மத்தியானம் வெள்ளை. கண்ணை மூடினாலும் வெள்ளை. முன்பெல்லாம் இது எனக்குத் தெரிந்ததே இல்லை. குளிர்காலம் என்றால் குளிர்காலம், அவ்வளவுதான். இந்த வருஷம் ஏனோ நாள் எண்ணுகிறேன்.

ரொட்டி அடுப்படியில் சஃபர் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா யதுல்லா, டீச்சரம்மாவுக்கு இன்னும் லீவு முடியலையா?"

"பேரன் பொறந்திருக்கான்யா."

"எங்களுக்கும்தான் பொறந்தான். என் பொண்டாட்டி போய்ப் பார்த்துட்டு மூணாம் நாளே வந்துட்டா."

"மருமக தொரத்தி விட்டிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கோழிகளிடம் சொன்னேன், அவை சிரிக்கவில்லை.

மலையில் பனி வரைந்த ஒட்டகம் அப்படியே நிற்கிறது. இந்த வருஷம் கொழுத்த ஒட்டகம். கரும்பாறையில் அந்தப் பனி கால், வயிறு, திமில், கழுத்து எல்லாம் குறைவில்லாமல் இருக்கிறது. முதலில் கால் கரைய வேண்டும், பிறகு வயிறு, பிறகு கழுத்து உடைய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊரில் யாரும் கொடியின் மண்ணைத் தொடுவார்கள். நவ்ரோஸுக்கு இன்று நாற்பத்தெட்டு நாள். ஒட்டகம் அதற்கு மேலும் பதினைந்து இருபது நாள் நிற்கும். உனக்குத் தெரியும்.

ஆகவே கேட்கிறேன். நவ்ரோஸுக்காவது வா. தனியாகப் பண்டிகை விரிப்பை விரித்து நான் யார் எதிரில் உட்கார?

கரியை இப்போது முற்றத்தில் வைத்து முழுக்கச் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவருகிறேன். இதைச் சொல்ல வேண்டும் என்று இல்லை. சொல்லலாம் என்று தோன்றியது.

யதுல்லா


தெஸ்ஃபூல்
இஸ்பந்த் 8

மஹினின் அப்பாவுக்கு,

இங்கே வசந்தம் வந்து உட்கார்ந்துவிட்டது, கேட்காமலேயே. தெருவெல்லாம் நாரத்தை மரம். முதல் பூ விட்டிருக்கிறது. சாயங்காலம் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்கிறேன். அறுபது வயதில் வெறுங்கால்! கல் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. இப்படி ஒரு கல் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கூரைப் பனியைத் தள்ள வேண்டுமே என்று எழுந்து உட்காருகிறேன். நேற்று மஹின் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லடி. தண்ணி குடிக்க."

"தண்ணி குடிக்க எதுக்கும்மா சால்வையை இடுப்புல கட்டியிருக்க?"

சால்வையை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

நவ்ரோஸுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வியாழக்கிழமை பரீட்சை என்று சொன்ன டீச்சர் செவ்வாய்க்கிழமை தாளை நீட்டினால், அடுத்த முறை வகுப்பு அவள் வார்த்தையை நம்பாது. நான் குறித்தது கொடி திறக்கும் நாள். மாற்றினால் அடுத்த குளிர்காலத்தில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும்? உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு தடவை துணிமூட்டையைக் கட்டினேன். இரண்டு தடவையும் அவிழ்த்தேன்.

நவ்ரோஸ் அன்று சஃபர் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். தனியாக விரிப்பு விரிக்க வேண்டாம்.

கரியைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

இந்தத் தாளுக்குள் நாலு நாரத்தைப் பூ வைத்திருக்கிறேன். வேறு அர்த்தம் எதுவும் இல்லை. பாடம் நடத்தும்போது ஒரு இலையையோ கல்லையோ கொண்டுபோய்க் காட்டுவேன் அல்லவா, அது மாதிரி.

தூபா


சர்ச்செஷ்மே
இஸ்பந்த் 24

தூபா,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. பூ பழுப்பாகிவிட்டது. வாசனை போகவில்லை. கோழிகூட கழுத்தை நீட்டிப் பார்த்தது.

ஆறு நாளாக வெயில். கூரை சொட்டுகிறது. ஒட்டகத்தின் கழுத்து உடைந்துவிட்டது. நேற்றும் இன்றும் கொடிகளைத் திறந்துவிட்டேன். கை கொப்புளம், முதுகு பலகை. ஆனால் வேலை முடிந்தது.

சொன்ன சொல்படி இனி நீ வர வேண்டும். ரயில் ஏறும் தேதியை எழுது, சாலைக்கு வந்து நிற்கிறேன்.

யதுல்லா


தெஸ்ஃபூல்
பர்வர்தீன் 2

மஹினின் அப்பாவுக்கு,

நவ்ரோஸ் வாழ்த்து. உங்கள் கடிதம் சரியாக நேற்று, புத்தாண்டு அன்று வந்தது. மஹின் சத்தம் போட்டுப் படித்தாள். "அம்மா, கழுத்து ஒடஞ்சிடுச்சாம்! கெளம்பு!" என்றாள். நான் சிரித்தேன். மூட்டையைக் கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது.

சில பிள்ளைகள் கணக்கை மிக வேகமாக முடித்துவிடுவார்கள். விடை இருக்கும், வழி இருக்காது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதியது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் கடிதம் அப்படி இருந்தது.

முப்பத்தொரு வருஷம் சமையலறை வாசலில் நின்று பார்த்த ஒட்டகம் அது. நவ்ரோஸுக்கு முன் ஒரு தடவைகூட அது கழுத்தை ஒடித்துக்கொண்டதில்லை. சஃபர் அண்ணன் திறந்தாரா? அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாத கடிதம் உங்களிடமிருந்து இதுவரை வந்ததில்லை.

எனக்காகத் திறந்திருந்தால், இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே மறுபடி மூடுங்கள். முழுக்க முடியாவிட்டால் பாதியையாவது. ஆள் வைத்துக்கொள்ளுங்கள். மூடினாலும் நான் வருவேன். பேச்சு மாறியது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் வழக்கம்போல எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போவார்கள், அன்று மட்டும் பிள்ளையை நான் வைத்திருக்க வேண்டும். பதினான்காம் தேதி ரயில்.

கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எட்டு நாள் கழித்து உங்கள் கைக்குக் கிடைக்கும் கோபத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? மூடுங்கள். அவ்வளவுதான்.

தூபா


சர்ச்செஷ்மே
பர்வர்தீன் 11

தூபா,

உன் கடிதம் நேற்று வந்தது. குளிர் எட்டாம் தேதியே வந்துவிட்டது.

ஒட்டகத்தின் கழுத்து உடையவில்லை. இப்போதும் நிற்கிறது. ஜன்னல் வழியே தெரிகிறது, பார்க்காமல் எழுதுகிறேன்.

நான் மண்வெட்டியோடு இறங்கிய அன்று சஃபர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.

"யதுல்லா, தலையைத் தூக்கி மலையைப் பாரு."

"பார்த்தேன்."

"என்ன தெரியுது?"

"ஒட்டகம் தெரியுது."

"கழுத்து?"

"இருக்கு."

"அப்புறம் ஏன்யா?"

நான் குனிந்து மண்ணைத் தள்ளத் தொடங்கினேன். பிறகு, "சரி, டீச்சரம்மாவுக்கு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டான். இதை உனக்கு எழுதினால் நீ வர மாட்டாய் என்றுதான் எழுதவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் வெயில் நன்றாகத்தான் அடித்தது. மொட்டெல்லாம் பஞ்சு மாதிரி உப்பி நின்றன. நான் சரியாகத்தான் செய்தேன் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஏழாம் தேதி சாயங்காலம் காற்று நின்றது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. நாய்கள் அடங்கிவிட்டன. மறுபடி மூடலாம் என்று ஓடினேன். பன்னிரண்டு கொடியை மூடினேன். அவசரமாக வளைத்ததில் ஏழு முறிந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு கை வரவில்லை.

விடிவதற்கு முன் பார்த்தால் தெருவே வந்து நிற்கிறது. அவர்கள் கொடியெல்லாம் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது, தூபா. போர்வைக்கடியில் தூங்கியிருக்கலாம். மாட்டுக்கு வைத்திருந்த கடைசி வைக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஈர எருவைப் போட்டுப் புகை மூட்டினோம். புகை தோட்டத்தின் மேல் படுத்தால் குளிர் இறங்காது. ஆனால் படுக்கவில்லை. மெல்ல எழுந்து, சரிவில் இறங்கி, ஓடையோடு போய்விட்டது. சஃபர் மேலங்கியைக் கழற்றி அதை இந்தப் பக்கம் விசிறினான். "வாடா, வாடா" என்று புகையைக் கூப்பிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

வெயில் வந்தபோது மொட்டெல்லாம் கொதிக்க வைத்துக் கொட்டிய தேயிலை மாதிரி இருந்தது. தொட்டால் உதிர்ந்தது.

தலைக்கொடியை நான் திறக்கவில்லை. அது உன் வேலை, நீ வந்து திறக்கட்டும் என்று விட்டிருந்தேன். அதனால் அது ஒன்று பிழைத்தது.

பொய் சொல்லி உன்னைக் கூப்பிட்டேன். நீ வராவிட்டால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

யதுல்லா


தெஸ்ஃபூல்
பர்வர்தீன் 22

மஹினின் அப்பாவுக்கு,

பதினான்காம் தேதி நான் மூட்டையோடு ஸ்டேஷனில்தான் இருந்தேன். ரயில் வரவில்லை. மலையில் பனி ஒரேயடியாக உருகி இறங்கி, கணவாயில் தண்டவாளத்தை மண்ணோடு ஆற்றுக்குள் கொண்டுபோய்விட்டதாம். சாலைப் பாலமும் இல்லை. எந்தப் பனி உருக வேண்டும் என்று நாலு மாதமாக நாள் எண்ணினேனோ, அதே பனி.

டிக்கெட் கொடுக்கிற தம்பியிடம் கேட்டேன்.

"எப்போப்பா சரியாகும்?"

"தண்ணியைத்தாம்மா கேக்கணும்."

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் அவனே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா, ஆனா ரயில் வரும்னு உட்காராதீங்க" என்றான். சுற்றுவழி பஸ்ஸில், விடுமுறை முடிந்து ஊர் திரும்ப முடியாமல் நிற்கும் ஜனம் எல்லாம் தொங்குகிறது. மாப்பிள்ளை இரண்டு நாள் விடியற்காலையில் போய் நின்றும் இடம் கிடைக்கவில்லை. தபால் மட்டும் எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து சேருகிறது. ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த ஒரு நாள்தான் உங்கள் கடிதம் வாசலில் கிடந்தது.

உட்கார்ந்து படித்தேன். புகையைக் கூப்பிட்ட இடத்தில் நிறுத்திவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டினேன். பிறகு மீதியைப் படித்தேன்.

வர முடிந்த நாளெல்லாம் வர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். நவ்ரோஸுக்கு வந்திருந்தால் நீங்கள் மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டீர்கள். இதை நீங்கள் எழுதவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன்.

கொடிகளை வெட்டிவிட வேண்டாம். அடுத்த மாதம் பாதி வரை பொறுங்கள். தரையை ஒட்டி, தடித்த தண்டில் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், வருஷம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஊமை என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றார்கள். மறு வருஷம் அவள் பேச்சை நிறுத்தச் சொல்லி நான் மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது. எல்லாக் கொடியும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. சிலது ஆகலாம்.

தலைக்கொடியைத் திறக்காதீர்கள். நான் வந்து திறக்கிறேன். தண்டவாளம் போட்ட முதல் ரயிலில் வருகிறேன்.

சஃபர் அண்ணன் கேட்டாரே, அவரிடம் சொல்லுங்கள்: நீங்கள் எழுதினீர்கள், எனக்குக் கிடைத்தது என்று.

தூபா


சர்ச்செஷ்மே
ஒர்திபெஹெஷ்த் 4

தூபா,

சஃபரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மூக்கைச் சிந்தினான். சளி பிடித்திருக்கிறது என்றான்.

ஒட்டகத்தின் கழுத்து போன மாதம் பத்தொன்பதாம் தேதி உடைந்தது. ஊரே தோட்டத்தில் இறங்கியது. எனக்கு வேலை இல்லை. சஃபர் தோட்டத்துக்குப் போய் அவன் கொடிகளைத் திறக்கக் கை கொடுத்தேன். அவன் கொடியில் இப்போது இலை விரல் நீளம். என்னுடையதில் தரையை ஒட்டிப் பார்க்கச் சொன்னாய். பார்க்கிறேன். முப்பத்தாறில் பச்சையாக ஒரு புள்ளி தெரிகிறது. நேற்று முப்பத்தைந்து என்று எண்ணினேன். இந்த வருஷம் பழம் கிடையாது.

பனி எங்கும் இல்லை. ஓடை சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. கோழிகளை வெளியே விட்டுவிட்டேன், அதனால் வீட்டில் இப்போது அந்தப் பேச்சும் இல்லை. குளிர்காலம் முடிந்தது என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்வதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் ஐந்து நாள் முன் வந்தது. தினமும் தலைக்கொடியின் மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்து வருகிறேன். முதலில் சில்லென்று இருக்கும். கடிதம் வந்த அன்று மண் வெதுவெதுப்பாக இருந்தது. விரலில் மொட்டு தட்டியது. சஃபர் வந்து குனிந்து பார்த்தான்.

"உள்ளயே தளிர் விட்டுடுச்சுய்யா. இன்னும் ரெண்டு நாள் போனா அழுகிடும்."

"அவ வந்து திறப்பா."

"எப்போ?"

"தண்ணியைக் கேளு."

நாலு நாள் பொறுத்தேன். நாலு நாளும் சாயங்காலம் சாலைக்கு இறங்கிப் போனேன். பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள். டிரைவர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறான், நான் கிட்டே போவதற்கு முன்பே.

உனக்கு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டு, நீ சொல்லி, அது வந்து சேர இருபது நாள். கொடிக்கு அது தெரியாது.

இன்று மத்தியானம் திறந்தேன். மண்வெட்டி எடுக்கவில்லை. முழங்காலிட்டு விரலால் மண்ணை எடுத்தேன், நீ எடுப்பது போல, மேல்பக்கத்திலிருந்து. உள்ளே தளிர்கள் வெள்ளையாக இருந்தன. பேரனின் விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பதினொன்று இருந்தது. மெதுவாகத்தான் எடுத்தேன். என் கை பெரிய கை. இரண்டு ஒடிந்துவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மீதி ஒன்பதுக்கும் வெயில் படாமல் உன் பழைய சால்வையைக் கட்டி நிழல் போட்டிருக்கிறேன். சாயங்காலம் பார்த்தபோது ஓரத்தில் கொஞ்சம் பச்சை வந்திருந்தது.

ரேடியோவில் ரயிலைப் பற்றி இன்றும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நாளையும் சாலைக்குப் போவேன்.

ஊரில் இனித் திறக்காத கொடி ஒன்றுகூட இல்லை, தூபா.

யதுல்லா